கடைமடைக்கு நீர் எப்போது?

பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் கிளம்பும் நாட்களில், ஆரம்பாக்கத்து மக்கள் கைவேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். நெருப்பு வாலை நீட்டிக்கொண்டு அது மேலே போகும். சற்றுப் பொறுத்து முழக்கம் வரும். வெண்புகை கோடாக நின்று, பிறகு கலையும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். "நம்ம வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் இந்த மாதிரி செய்யும்" என்று பெரியவர்கள் பெருமூச்சோடு சொல்வார்கள்.

செய்யட்டும்! செய்யத்தான் வேண்டும்! ஆனால், வானத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்ட இந்த நாட்டில், வங்கிக்குள் நுழைய வழி தெரியாமல் ஒரு தாய் திகைத்து நின்றதை அதே ஆரம்பாக்கத்தில் அண்மையில் கண்டோம். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

கூட்டம் முடிந்து சென்னை திரும்ப இரயிலடியில் காத்திருந்தோம். சூளூர்பேட்டையிலிருந்து வரவேண்டிய வண்டி தாமதம். பக்கத்தில் ஓர் அம்மையார். மடியில் ஒரு பை. பைக்குள் மகளின் மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, கலந்தாய்வில் கிடைத்த சேர்க்கை ஆணை. மூன்று நாட்களாக அந்தப் பை அவர் கையை விட்டு இறங்கவில்லையாம்.

கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு ஆலை ஒன்றில் ஒப்பந்தக் கூலி. மூத்த மகன் பட்டம் பெற்றவன். எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில், அவனும் ஒப்பந்தத் தொழிலாளிதான். பட்டம் சுவரில் தொங்குகிறது, சம்பளம் ஒப்பந்தக்காரர் கையில் தொங்குகிறது. இளையவள் பெண். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். கலந்தாய்வின் மூலம் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இடமும் கிடைத்துவிட்டது.

தமிழகத்தில் ஏழைப் பிள்ளைக்கு உதவி இல்லையா? உண்டு! அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021-இல் சட்டமாயிற்று. அவர்களது கட்டணத்தை மாநில அரசே ஏற்கும் ஏற்பாடும் வந்தது. ஆனால் இந்தப் பெண் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி. முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் கலைஞர் ஆட்சியிலேயே வந்தது. ஆனால் வீட்டில் அண்ணன் முந்திக்கொண்டான்! ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவே சிக்கிய கால் அவளுடையது. மிச்சமிருந்த வழி ஒன்றே ஒன்று. கடன்!

தாய் மூன்று வங்கி வாசல்களை மிதித்திருக்கிறார். முதல் வங்கியில், "உங்க ஊர் எங்க கிளையோட எல்லையில வராதும்மா" என்றார்கள். இரண்டாவது வங்கியில், "நாலு லட்சம் கேக்கிறீங்களே, நிலப் பத்திரம் இருக்கா?" என்றார்கள். மூன்றாவது வங்கியில், வீட்டுக்காரர் இருசக்கர வண்டிக் கடனில் இரண்டு தவணை தவறியதைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "சிபில் சரியில்லை" என்று சொல்லி அடுத்தவரை அழைத்தார்கள்.

அம்மையார் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "பத்திரம் இருந்தா நாங்க ஏன் தம்பி பேங்கு வாசல்ல போய் நிக்கிறோம்? வித்துப் படிக்க வெச்சிருக்க மாட்டோமா?"

பொருளாதாரம் பயின்ற மேதைகள் பத்துப் பக்கத்தில் எழுதினாலும் இந்த ஒரு கேள்விக்கு ஈடாகுமா? நமக்குச் சுருக்கென்று தைத்தது. நாமும் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள்தாம். கல்லூரியின் வெளிச்சுவரில் சுவரொட்டி ஒட்டியதுண்டு. உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. வந்த வண்டியைப் போகவிட்டோம். அடுத்த வண்டி வரும்வரை அவரிடம் பேசினோம். அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் இங்கே எழுதுகிறோம். ஆரம்பாக்கத்துக்கு மட்டுமல்ல, கல்லூரி வாசலில் காசில்லாமல் நிற்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது பொருந்தும்.

பணம் யாருடையது? பேர் யாருக்கு?

"ஒன்றிய அரசு கல்விக் கடன் தருகிறது" என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். ஏதோ டில்லியில் ஒரு பெரிய பெட்டகத்தைத் திறந்து அள்ளி அள்ளிக் கொடுப்பதுபோல! உண்மை என்ன?

2001-ஆம் ஆண்டு இந்திய வங்கிகள் சங்கம் ஒரு மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வகுத்தது. அதை ஒன்றிய அரசு ஏற்றது. ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அனுப்பியது. கடன் கொடுப்பது வங்கி. அந்த வங்கியின் பணமோ, நீங்களும் நாமும் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தது. டில்லி தருவது மூன்று: விதி, வட்டி மானியம், கடன் வராமல் போனால் வங்கிக்கு ஓர் உத்தரவாதம். வட்டி மானியம் 2009-ஆம் கல்வியாண்டில் தொடங்கியது. உத்தரவாத நிதி 2015-இல் வந்தது. 2024 நவம்பர் 6 அன்று 'பிரதமர் வித்யாலட்சுமி' என்ற புதுத் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

வித்யாலட்சுமி! பெயரைக் கவனித்தீர்களா? கலைமகள் இருக்கும் வீட்டில் திருமகள் தங்கமாட்டாள் என்று ஆண்டாண்டு காலமாக நம்மிடம் கதை சொன்னவர்கள்தாம் இப்போது இருவரையும் ஒரே பெயருக்குள் அடைத்து அனுப்பியிருக்கிறார்கள்! பெயரிலே இருவரும் கூடிவிட்டார்கள். ஏழை வீட்டில் கூடுவது எப்போது என்பதுதான் நம் கேள்வி.

பழைய கதை ஒன்றையும் நினைவூட்ட வேண்டும். 1963-இல் ஒன்றிய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. ஏழை மாணவருக்கு வட்டியில்லாக் கடன். ஆம், வட்டியில்லாக் கடன்! அது பின்னர் கைவிடப்பட்டது. 2001-இல் வந்தது வட்டிக்கு வங்கிக் கடன். நாடு வளர்ந்தது, நிதிநிலை அறிக்கை வளர்ந்தது. மாணவன் தலையில் வட்டியும் வளர்ந்தது.

அமெரிக்காவைப் பார் என்பார்கள், பார்ப்போம்!

ஏவுகலத்தில் தொடங்கினோம் அல்லவா? அமெரிக்க மாணவர் கடனின் கதையும் ஏவுகலத்தில்தான் தொடங்குகிறது. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் விட்டது. அமெரிக்கா அதிர்ந்தது. "நம் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கிவிட்டார்களே!" என்று பதறியது. அடுத்த ஆண்டே, 1958-இல், நாட்டுப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. கல்லூரி மாணவர்க்குக் குறைந்த வட்டியில் அரசு நிதியிலிருந்து கடன். 1965 நவம்பரில் உயர்கல்விச் சட்டம். கையெழுத்திட்டவர் லிண்டன் ஜான்சன். இளமையில் ஏழை மெக்சிகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் அவர். தாம் படித்த சான் மார்கோஸ் கல்லூரிக்கே போய் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அங்கே இளநிலைப் படிப்புக்கான கூட்டரசுக் கடன் என்றால் கடன் கொடுப்பது அரசே. பத்திரம் கேட்பதில்லை. பிணையாளரைக் கேட்பதில்லை. மாணவன் தன் பெயரில் வாங்கும் கடனுக்கு, அவனுடைய பழைய கடன் வரலாற்றையும் பார்ப்பதில்லை. தகப்பன் வண்டிக் கடன் கட்டினானா என்றும் பார்ப்பதில்லை. ஓர் ஆண்டில் கடன் வாங்கும் இளநிலை மாணவர் அனைவருக்கும் ஒரே வட்டி. பெரிய பல்கலைக்கழகமானாலும், சிற்றூர்ச் சமுதாயக் கல்லூரியானாலும், அங்கீகாரம் பெற்றுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் போதும். பெற்றோரைச் சார்ந்திருக்கும் முதலாண்டு மாணவனுக்கு 5,500 டாலர்தான் வரம்பு. வறியவனானால், படிக்கும் காலத்து வட்டியை, கடனின் ஒரு பகுதிக்கு, அரசே ஏற்கும்.

அதற்காக அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடச் சொல்லவில்லை நாம். அங்கே கல்லூரிக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது, கடனும் ஏறியது. இன்று 4 கோடிக்கு மேற்பட்டோர் தலையில், 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல் கூட்டரசுக் கல்விக் கடன்! ஜனாதிபதி பைடன் அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய முனைந்தார். 2023 ஜூன் 30 அன்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. ஆகவே அமெரிக்கா நமக்கு இரண்டு பாடம் சொல்கிறது. கடன் கொடுப்பதானால் ஏழையிடம் பத்திரம் கேட்காதே என்பது முதல் பாடம். கட்டணத்தை அவிழ்த்துவிட்டுக் கடனை மட்டும் கொடுத்தால், படித்த தலைமுறையே கடன்காரத் தலைமுறையாகும் என்பது இரண்டாவது பாடம். முதல் பாடத்தை டில்லி அரைகுறையாகத்தான் படித்திருக்கிறது. இரண்டாவதைப் புரட்டியே பார்க்கவில்லை.

மூன்று வாசல், மூன்று விதி

இனி, ஆரம்பாக்கத்துத் தாய் கேட்ட மூன்று பதில்களுக்கு வருவோம்.

"உங்க ஊர் எங்க எல்லையில் இல்லை!" இப்படிச் சொல்லிக் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை விட்டது. கிளைக்கு எல்லை இருக்கலாம். கல்விக்கு எல்லை இல்லை.

"பத்திரம் இருக்கா?" மாதிரித் திட்டத்தின்படி 4 லட்ச ரூபாய் வரை ஈடு தேவையில்லை, பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். 2015-இன் உத்தரவாத நிதியின் கீழ், 7.5 லட்ச ரூபாய் வரை ஈடும் கேட்கக் கூடாது, மூன்றாம் மனிதரின் பிணையும் கேட்கக் கூடாது. கடன் திரும்பாமல் போனால், வராத தொகையில் 75 விழுக்காட்டை அந்த நிதி ஏற்கும். முக்கால் பங்குக்கு அரசே பிணை நிற்கும்போது, கூலிக்காரியிடம் நிலப் பத்திரம் எதற்கு?

"சிபில் சரியில்லை!" கல்விக் கடனில் பொதுவாகப் பார்க்க வேண்டியது மாணவரின் வருங்கால வருவாய், அதைத்தான் மாதிரித் திட்டம் சொல்கிறது. தேவையானால் பெற்றோர் நிலையையும் பார்க்கலாம் என்று அதற்கு ஒரு வாலும் உண்டு. உடலை விட்டுவிட்டு அந்த வாலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் சில மேலாளர்கள்! மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதையே காரணமாக்கிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023-இல் சொன்னது. மகன் தவறினாலே கதவை அடைக்காதே என்று நீதிமன்றம் சொல்கிறது. தகப்பன் தவறியதற்கு மகளைத் தண்டிக்கலாமா? பிறப்பை வைத்துப் படிப்பை அளந்த பழைய முறையை ஒழிக்கப் பாடுபட்ட இயக்கம் இது. தந்தையின் தவணையை வைத்து மகளின் படிப்பை அளக்கும் புதிய முறையை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்குமா?

இன்னும் ஒன்று. விண்ணப்பத்தைத் தள்ளுவதானால் கிளை மேலாளர் தம் விருப்பப்படி தள்ள முடியாது. மேலதிகாரியின் இசைவு வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். "முடியாது" என்ற வாய்ச்சொல்லைக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்குங்கள், அல்லது வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். மறுத்தால், "ஐயா, காரணத்தை எழுதித் தாருங்கள்" என்று பணிவோடு, ஆனால் நகராமல் நின்று கேளுங்கள். வங்கியிடம் முறையிட்டு 30 நாட்களில் தீர்வில்லையானால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அவருக்கு எழுத ஒரு காசும் செலவில்லை.

ஒரு சான்றிதழின் விலை

கடன் கிடைத்துவிட்டால் கதை முடிந்ததா? அங்கேதான் கணக்கு தொடங்குகிறது. பொறுமையாகப் படியுங்கள், பேனாவை எடுத்துப் போட்டும் பாருங்கள்.

ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்காண்டுப் படிப்புக்கு 4 லட்சம் கடன். வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆகா, எவ்வளவு நல்லது! ஆனால் தவணைதான் தூங்குகிறது, வட்டி தூங்குவதில்லை. முதல் ஆண்டு வாங்கிய லட்சத்துக்கு 5 ஆண்டு வட்டி 50,000. இரண்டாம் லட்சத்துக்கு 40,000. மூன்றாவதுக்கு 30,000. நான்காவதுக்கு 20,000. தனிவட்டியாகவே கூட்டினாலும் 1,40,000 ரூபாய்! முதல் தவணை கட்டும் நாளில் கடன் 4 லட்சமன்று, 5,40,000. 15 ஆண்டில் அடைப்பதானால் மாதம் சுமார் 5,800 ரூபாய்.

இந்த 1,40,000 ரூபாயை ஏழையின் தலையிலிருந்து இறக்கி வைக்கத்தான் வட்டி மானியத் திட்டம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ படித்தால், அந்தக் காலத்து வட்டி முழுவதையும் ஒன்றிய அரசு செலுத்தும். அப்போது அடைக்க வேண்டியது 4 லட்சம் மட்டும். மாதம் சுமார் 4,300. மாதத்துக்கு 1,500 ரூபாய் வித்தியாசம்! 15 ஆண்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேல்!

இதற்கு வேண்டியது என்ன? வட்டாட்சியர் தரும் வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி, உரிய காலத்தில் வங்கியில் கொடுக்க வேண்டும். அம்மையாரின் பையைத் திறந்து பார்த்தோம். மதிப்பெண் சான்று இருந்தது, சாதிச் சான்று இருந்தது. வருமானச் சான்று இல்லை! யாரும் கேட்கவில்லையாம், யாரும் சொல்லவுமில்லையாம். ஒரு தாள் இல்லாததால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் போகும் வீடுகள் நாட்டில் எத்தனையோ!

சேரும் முன்பே இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். 2018-க்குப் பிறகு, நாக் தரச்சான்று பெற்ற கல்லூரிக்கு, அல்லது என்.பி.ஏ. ஒப்புதல் பெற்ற பாடப்பிரிவுக்குத்தான் இந்த மானியம். ஒன்றிய அரசின் பெரிய நிறுவனங்கள் தனி. எனவே கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வாசலில் நிற்கும் பேருந்துகளை எண்ணாதீர்கள். "நாக் உண்டா? என்.பி.ஏ. உண்டா?" என்று கேளுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கொடுத்துச் சேர்ந்தால் வித்யாலட்சுமியில் இடமில்லை என்பதும் நினைவிருக்கட்டும். இந்த வட்டி மானியமும் வாழ்நாளில் ஒரு முறைதான். படிப்பைப் பாதியில் விட்டால், நோயின் காரணமாக அல்லாமல், அதுவும் போய்விடும்.

தலைமடையும் கடைமடையும்

விதியை அறிவது நம் கடமை. அதைச் சொல்லிவிட்டோம். விதியே வளைந்திருந்தால்? அதைச் சொல்வதும் நம் கடமை.

ஏரிப் பாசனம் அறிந்தவர்கள் நம் மக்கள். மதகைத் திறந்தால் முதலில் நனைவது தலைமடை. நீர் போதாத ஆண்டில் வாடுவது கடைமடை. நேர்மையான நீர்க்கட்டி முதலில் எதைப் பார்ப்பான்? கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பான். டில்லியின் நீர்க்கட்டி என்ன செய்கிறார்?

2024-இல் வந்த வித்யாலட்சுமி, ஈடும் பிணையும் இல்லாத கடன் என்கிறது. மெத்த மகிழ்ச்சி! யாருக்கு? தேசியத் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்கள், 101 முதல் 200 வரை இடம்பெற்ற மாநில அரசு நிறுவனங்கள், ஒன்றிய அரசின் நிறுவனங்கள் இவற்றில் படிப்போருக்கு. தொடக்கத்தில் மொத்தம் 860 நிறுவனங்கள். நாட்டில் எத்தனை? ஒன்றிய அரசே வெளியிட்ட 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரிகள் மட்டும் 45,473! மாணவர் 4 கோடியே 33 லட்சம்! 4.5 லட்சத்துக்கு மேல் 8 லட்சம் வரை வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு என்கிறார்கள். அது ஆண்டுக்கு எத்தனை பேருக்கு? 1 லட்சம் பேருக்கு! அண்டாவில் சோறு இருக்கிறது என்று ஊரைக் கூட்டிவிட்டு, கரண்டிக்குப் பதில் ஊசியை எடுத்துப் பரிமாறும் வித்தை இது.

"தரமான கல்லூரிக்குத்தானே தரவேண்டும்?" என்று கேட்கிறார்கள், மாற்றார். கேட்கட்டும். நாமும் ஒன்று கேட்போம். பொறியியல் கல்லூரி நடத்த அனுமதி தருவது யார்? டில்லியில் இருக்கும் ஏ.ஐ.சி.டி.இ. அல்லவா? கல்லூரி திறக்க அனுமதி தரும்போது தரமாக இருந்தது, ஏழைப் பெண் அங்கே படிக்கக் கடன் கேட்கும்போது தரமற்றதாகிவிடுமா? தரமில்லை என்றால் அனுமதியை நீக்கு. தரமுண்டு என்றால் கடனைக் கொடு!

"தமிழகத்து நிறுவனங்கள் அந்தப் பட்டியலில் ஏராளமாயிற்றே, உங்களுக்கு என்ன குறை?" என்பார்கள். ஏராளம்தான், பெருமைதான். அந்தப் பெருமை தானாக வானத்திலிருந்து விழுந்ததன்று. ஆனால் முதல் வரிசைக் கல்லூரியில் இடம் பிடித்த மாணவனுக்கு வங்கியே நாற்காலி போட்டுக் கடன் தரும். அவனுக்கு வேலை நிச்சயம் என்று வங்கிக்குத் தெரியும். அரசின் கை தேவைப்படுவது யாருக்கு? பெயர் தெரியாத கல்லூரியில் இடம் கிடைத்த, பெயர் தெரியாத ஊரின் பிள்ளைக்கு! தலைமடையில் மழையும் பெய்கிறது, மதகும் திறக்கிறது. கடைமடையில் வெடிப்பு விட்ட நிலம் வானத்தைப் பார்க்கிறது. வடவெல்லையில் இருக்கும் ஆரம்பாக்கம், கடைமடை.

இன்னும் கேளுங்கள். வட்டி மானியத்துக்கு 4.5 லட்சம் வருமான வரம்பு வகுத்தது 2009-இல். அன்று அரிசி என்ன விலை? இன்று என்ன விலை? அன்று கல்லூரிக் கட்டணம் என்ன? இன்று என்ன? எல்லாம் ஏறியது, கோடு மட்டும் கீழேயே கிடக்கிறது. விலைவாசி ஏற ஏற, ஏழையாகவே இருப்பவர்கூட ஏட்டளவில் பணக்காரராகிவிடுகிறார்! கலை, அறிவியல் படிப்போருக்கோ இந்த வட்டி மானியம் இல்லை. வேதியியல் படிக்கும் பெண்ணுக்கு வீட்டில் வறுமை இல்லையா? தமிழ் படிக்கும் பையனுக்குப் பசி இல்லையா?

உயர்ந்ததற்கு இதுவா பரிசு?

அதே 2021-22 கணக்கெடுப்பில், கல்லூரி வயதினரில் உயர்கல்வி பெறுவோர் விகிதம் இந்தியாவில் 28.4, தமிழகத்தில் 47. எப்படி வந்தது இந்த 47? நீதிக்கட்சி காலத்திலிருந்து போராடிப் பெற்ற இடஒதுக்கீட்டால் வந்தது. குலக்கல்வித் திட்டத்தை 1954-இல் விரட்டியதால் வந்தது. காமராசர் திறந்த பள்ளிகளாலும் போட்ட மதிய உணவாலும் வந்தது. 1967-இல் அண்ணா அமைத்த ஆட்சியும் அதன்பின் கலைஞரும் தொடர்ந்து திறந்த கதவுகளால் வந்தது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கையில் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போன பிள்ளைகள் இந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு வந்தவர்கள்.

இரண்டு பேரில் ஒருவர் கல்லூரி போகும் மாநிலத்துக்குக் கல்விக் கடன் தேவையும் மிகுதி. அந்தத் தேவைக்கு ஏற்ற விதி வகுக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டா? இல்லை! 1976-இல், நெருக்கடி நிலை காலத்தில், 42-ஆவது திருத்தத்தின் மூலம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப்பட்டியலில் போட்டார்கள். வங்கியோ முழுக்க முழுக்க டில்லியின் கையில். படிக்க வைக்கும் பாடு நமக்கு. பட்டியல் போடும் அதிகாரம் அவர்களுக்கு. பிள்ளை பெற்றவள் ஒருத்தி, பெயர் வைப்பவள் வேறொருத்தி!

கடனாளியும் மனிதன்

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாங்கிய கடனைத் திருப்பித் தரவேண்டும். நாம் திருப்பித் தரும் பணம்தான் அடுத்த ஆண்டு இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் கடனாகும். கட்டணத்துக்கு மேல் ஆடம்பரத்துக்குக் கடன் வாங்காதீர்கள். முடிந்தவர்கள் படிக்கும்போதே வட்டியைக் கட்டி வாருங்கள், சுமை குறையும்.

ஆனால், திருப்பித் தர வருமானம் வேண்டாமா? அந்த அண்ணனை நினையுங்கள். பட்டம் உண்டு, ஒப்பந்தக் கூலி உண்டு. அவனைப் போன்றவன் மாதம் 5,800-ஐ எதிலிருந்து கட்டுவான்? பொதுத்துறை வங்கி ஒன்று, வராமல் நின்ற கல்விக் கடன்களைத் தனியார் வசூல் நிறுவனத்துக்குக் குறைந்த விலைக்கு விற்றது. மதுரையில் கடன் நெருக்கடி தாங்காமல் ஒரு பட்டதாரி இளைஞன் உயிரை மாய்த்துக்கொண்டான். தமிழகமே கொதித்தது. விலை குறைத்து வெளியாளுக்கு விற்கத் தெரிந்த வங்கிக்கு, அந்தக் குறைப்பைக் கடன் வாங்கியவனுக்கே தரத் தெரியாமல் போனதேன்? பொருளை விற்கலாம்; ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையுமா விற்பது?

ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒன்று: அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்லூரிக்கும், பட்டியல் பாராமல், ஈடில்லாக் கடன் தருக.

இரண்டு: வட்டி மானியத்தின் வருமான வரம்பை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துக, கலை, அறிவியல் மாணவர்க்கும் தருக.

மூன்று: வேலை கிடைத்து, வருமானம் ஓர் அளவை எட்டிய பிறகே, அந்த வருமானத்தின் அளவுக்கேற்பத் தவணை வாங்குக. பட்டதாரியை வசூல்காரனிடம் விற்காதே.

நான்கு: விண்ணப்பமும் விதியும் மறுப்புக் கடிதமும் தமிழில் தருக. கையெழுத்துப் போடும் தாய்க்குத் தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிய வேண்டும்.

ஐந்து: கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்பித் தருக!

இவை டில்லிக்கு. நம் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஊர்தோறும் கிளைகள் வைத்திருக்கிறோம், படிப்பகங்கள் வைத்திருக்கிறோம். ஏடு படிக்கக் கற்றுக்கொடுத்தவை அந்தப் படிப்பகங்கள். கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் ஒவ்வொரு படிப்பகத்திலும் ஒரு மேசை போடுங்கள். விதி தெரிந்த தோழர் ஒருவர் மாலையில் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வருமானச் சான்றுக்கு வழி காட்டுங்கள். தனியே போகத் தயங்கும் தாயோடு வங்கிவரை கூடப் போங்கள். கொடி ஏற்றுவது மட்டுமன்று, ஒரு குடும்பத்தை ஏற்றிவிடுவதும் இயக்க வேலைதான்.

ஆரம்பாக்கத்து அம்மையார் மறுவாரம், வருமானச் சான்றோடு இரண்டாவது வங்கிக்கே திரும்பப் போனாராம். மறுபடியும் பத்திரம் கேட்டார்களாம். "சரிங்கய்யா, பத்திரம் இல்லாததால கடன் இல்லைன்னு எழுதிக் குடுங்க" என்றாராம். எழுதித் தர அங்கே ஒரு பேனாவும் அசையவில்லை. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்களாம். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் வாசலில் நின்றவர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது சிறு செய்தியன்று!

மீண்டும் ஒருநாள் பழவேற்காட்டு ஏரிக்கு மேலே நெருப்பு வால் நீளும். ஆரம்பாக்கம் அண்ணாந்து பார்க்கும். அந்தக் கலத்தை அனுப்பப் பணமிருக்கிறது, மூளையிருக்கிறது, திட்டமிருக்கிறது. ஏரிக்கு இந்தப் பக்கம் நிற்கும் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டியதெல்லாம் ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் கொஞ்சம் மனமும்தான். அதைக் கேட்பது பிச்சையன்று, உரிமை. தருவது கருணையன்று, கடமை.

மதகைத் திறவுங்கள்! நீர் கடைமடைக்கு வரட்டும்!